அடுப்பிலே ஒரு பஞ்சாங்கம்

கேக் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும், சகோதரிகளே? கடைவீதி ரொட்டிக் கடையின் கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே சர்க்கரை ரோஜாக்களைச் சூடிக் கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைப் பதார்த்தம். அதைக் கண்டதும் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும் குழந்தை. நமக்குக் கேக் என்பது கடையில் வாங்குகிற சாமான். பிறந்த நாள் வந்தால் வாங்கி வெட்ட வேண்டியது. சித்திரையில் போனாலும் மார்கழியில் போனாலும் அதே பெட்டியில் அதே கேக்தான் இருக்கும்.

நான் சொல்லப் போவது வேறு ரகம். வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே தீர்ந்து போகும் கேக். அதுவும் நாள் பார்த்துப் பிறக்கும் கேக். இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயரில், ஒரு சின்ன ஊரில் பல வருஷங்களாகக் குடித்தனம் நடத்தி வருகிறேன். கோகுலாஷ்டமி என்றால் சீடை, பிள்ளையார் சதுர்த்தி என்றால் கொழுக்கட்டை, கார்த்திகை என்றால் பொரி உருண்டை என்று நமக்கு இருக்கிறதல்லவா? அதே மாதிரி இந்த ஊர்ப் பழைய குடும்பங்களிலும் அடுப்பிலே ஒரு பஞ்சாங்கம் ஓடிக் கொண்டிருக்கிறது. இந்த மாதம் இன்ன பழம், இந்த ஞாயிற்றுக்கிழமை இன்ன பலகாரம், இந்த நாளுக்கு மேல் இதைப் பறிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் விதி உண்டு.

முதலில் பெயர்களைத் தெரிந்து கொள்வோம். 'பை' என்றதும் காய்கறி வாங்கப் போகும் பையை நினைத்து விடாதீர்கள். மைதாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்து, அப்பளம் போல் இட்டு, ஒரு தட்டில் விரித்து, அதன்மேல் பழத்தை நிரப்பி, இன்னொரு வட்ட மாவால் மூடிச் சுட்டால் அதுதான் பை. புட்டிங் என்பதோ பெரிய குடும்பப் பெயர். ஆவியில் வேக வைத்ததும் புட்டிங், சுட்டதும் புட்டிங், ரொட்டியைப் பாலில் ஊற வைத்ததும் புட்டிங். சாப்பாட்டின் முடிவில் வரும் இனிப்பு எதுவானாலும் "இன்றைக்கு என்ன புட்டிங்?" என்றுதான் கேட்பார்கள்.

நாம் பட்சணத்தை எண்ணெயில் பொரிக்கிறோம். இவர்கள் ஓவனில் சுடுகிறார்கள். ஏன் என்று யோசித்ததுண்டா? குளிர்தான் காரணம். அந்தக் காலத்து வீடுகளில் நிலக்கரி போட்டு எரிக்கும் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று சமையலறையில் இருக்கும். வீடு சூடாக இருக்க வேண்டுமானால் அது நாள் முழுவதும் கனன்று கொண்டேயிருக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் கதவு வைத்த ஓர் அறை. எப்படியும் வீணாகப் போகிற சூடுதானே? அதற்குள்ளே ஒரு கேக்கைத் தள்ளிக் கதவைச் சாத்தினால் செலவில்லாமல் பலகாரம் ஆயிற்று. பார்க்கப் போனால், இந்த நாட்டுப் பழைய பலகாரங்களில் முக்கால்வாசி சிக்கனத்திலே பிறந்தவைதான்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் மட்டும் கிடைத்த ஞானம் அல்ல. பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். வயது 88. கணவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. ஒரே பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். இந்தப் பக்கத்து மனிதர்கள் யாரைக் கூப்பிட்டாலும் 'லவ்' என்று கூப்பிடுவார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்கள் "என் கண்ணு" என்பார்களே, அந்த மாதிரி. அந்த அம்மாளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அவருடைய தாயார் எழுதத் தொடங்கியது. பாதிக்கு மேல் இவர் கையெழுத்து. வெண்ணெய்க் கறை படாத பக்கம் ஒன்று கூட இல்லை. அதிலே எனக்குப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? தலைப்புகள்தான். 'இஞ்சிக் கேக்' என்று மொட்டையாக இருக்காது. 'அத்தையின் இஞ்சிக் கேக்', 'தபாலாபீஸ் அம்மாளின் ஆப்பிள் பை', 'மேலத் தெரு விதவையின் ரொட்டிப் புட்டிங்' என்றுதான் எழுதியிருக்கும். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு ஸ்திரீ சொந்தக்காரி.

அந்த நோட்டுப் புத்தகத்தின் வழியாகவே உங்களுக்கு ஒரு வருஷத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். வாருங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் தோட்டத்தில் ஒரு பச்சை இலை இராது. அந்தச் சமயத்தில் எங்கள் யார்க்ஷயருக்கென்று ஓர் அதிசயம் உண்டு, அதுதான் ரூபார்ப். பழம் அல்ல, ஒரு செடியின் தண்டு. புளிச்சக் கீரைத் தண்டைப் போலப் புளிக்கும். வேக்ஃபீல்டு என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் செடியை இரண்டு வருஷம் வெளியே வளர விட்டு, உறைபனி பட்ட பிறகு கிழங்கோடு பெயர்த்து, வெளிச்சமே இல்லாத கொட்டகையில் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். வெளிச்சத்தைத் தேடித் தேடித் தண்டு மடமடவென்று ரோஜா நிறத்தில் நீளும். அதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பறிக்கிறார்கள். பலத்த வெளிச்சம் பட்டால் தண்டின் மென்மை போய்விடும். 2010-ல் இந்த ரூபார்புக்கு ஐரோப்பாவின் பாதுகாக்கப்பட்ட பெயர் உரிமையும் கிடைத்தது. தண்டை மட்டும் நறுக்கிச் சர்க்கரை தூவி, மேலே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்த தூளைப் பரப்பிச் சுடுவார்கள். இலை விஷம், அதைத் தொடுவதே இல்லை.

அடுத்து ஈஸ்டர் நோன்புக் காலம். ஈஸ்டருக்கு 47 நாள் முன்னதாக ஒரு செவ்வாய்க்கிழமை வரும். மறுநாளிலிருந்து நோன்பு. முட்டை, வெண்ணெய் எல்லாம் அந்தக் காலத்தில் விலக்கு. ஆகையால் வீட்டில் இருப்பதைக் கெட்டுப் போக விடாமல் தீர்த்து விட வேண்டும். முட்டையையும் பாலையும் மாவையும் கரைத்துத் தோசை மாதிரி வார்த்து, எலுமிச்சம் பழம் பிழிந்து, சர்க்கரை தூவிச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். பக்கிங்ஹாம்ஷயரில் ஓல்னி என்ற ஊரில் அன்றைக்கு ஒரு வேடிக்கை. ஊர்ப் பெண்கள் கையில் வாணலியுடன் 415 கெஜ தூரம் ஓடுவார்கள். 1445-ல் ஒரு பெண்மணி வார்த்துக் கொண்டிருக்கும்போதே கோவில் மணி அடித்து விட்டதாம். வாணலியும் கையுமாக அப்படியே ஓடினாளாம். மணி அடிக்கும்போது அடுப்பில் ஏதோ இருப்பது நமக்கு மட்டும் உள்ள தலைவிதி இல்லை என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை, தாயாருக்கு உரிய நாள். அன்றைக்கு ஸிம்னல் கேக். உலர்ந்த திராட்சை சேர்ந்த கேக். நடுவிலே ஒரு படலமும் மேலே ஒரு படலமும் பாதாம் பருப்பை அரைத்த மாவு. மேல் வட்டத்தில் பாதாம் உருண்டைகள் பதினொன்று. ஏசுநாதரின் சீடர் பன்னிருவரில் யூதாஸை மட்டும் தள்ளி வைத்து விட்டார்கள். இப்போது இதை ஈஸ்டரன்றுதான் பெரும்பாலும் செய்கிறார்கள் என்றாலும், பழைய கதை அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்தது. அந்த நாளில் ஏழை வீட்டுப் பெண் குழந்தைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போய் விடுவார்கள். பாத்திரம் தேய்த்து, கணப்புச் சாம்பல் அள்ளி, மாடி அறையில் படுத்துத் தூங்கி வளர்வார்கள். வருஷத்தில் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரைப் பார்த்துவர விடுமுறை கிடைக்கும். வேலை செய்த வீட்டு அடுப்பிலே சுட்ட ஒரு கேக்கைத் துணியில் முடிந்து கொண்டு, வழியிலே பூத்த ஊதாப் பூக்களையும் பறித்துக் கொண்டு, மைல் கணக்கில் நடந்து போவார்கள் என்று சொல்லுகிறார்கள். அந்தக் கேக் எப்படி இருந்திருந்தால் என்ன? அதைப் பிரிக்கும்போது அந்தத் தாயார் கேக்கையா பார்த்திருப்பாள்? பெண்ணின் கையைத்தான் பார்த்திருப்பாள்.

புனித வெள்ளியன்று சிலுவைக் குறி போட்ட பன். கிழக்கு லண்டனில் இதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒரு விதவையின் ஒரே மகன் கப்பலில் மாலுமி. "புனித வெள்ளிக்கு வந்து விடுவேன், எனக்கு ஒரு பன் எடுத்து வை" என்று சொல்லிப் போனானாம். வரவில்லை. அவள் வருஷந்தோறும் ஒரு பன்னைச் சுட்டு அவனுக்காக எடுத்துத் தொங்க விட்டுக் கொண்டே இருந்தாளாம். அந்த இடத்தில் பிறகு எழுந்த மதுக்கடைக்கு 'விதவையின் மகன்' என்றே பெயர் ஏற்பட்டது. ஆண்டுதோறும் ஒரு மாலுமி வந்து ஒரு பன்னைச் சேர்க்கும் வழக்கமும் வந்தது. கதை நிஜமோ இல்லையோ, அதன் உயிர் 'இன்ன நாள்' என்பதிலே இருக்கிறது. இப்போது பெரிய கடைகளில் இந்தப் பன் வருஷம் முழுவதும் விற்கிறது. நல்ல பன்தான். ஆனால் எல்லா நாளும் கிடைக்கிற பன்னை யாருக்காக எடுத்து வைப்பது, சொல்லுங்கள்?

கோடை வந்தால் பகல் நீண்டு விடும். இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஊருக்கு ஊர் கண்காட்சி வைப்பார்கள். மாதர் சங்கத்து அம்மாள்கள் நடத்தும் கேக் போட்டி அதில் முக்கியம். இந்தச் சங்கம் கனடாவில் 1897-ல் தோன்றி 1915-ல் பிரிட்டனுக்கு வந்தது. போட்டிக்குப் பெரும்பாலும் வைப்பது விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய எளிய கேக். இதன் அளவை மறக்கவே முடியாது. நாலு முட்டையை ஓட்டோடு தராசில் வையுங்கள். என்ன எடையோ அதே எடை வெண்ணெய், அதே எடை சர்க்கரை, அதே எடை மைதா. உப்பி வர இரண்டு சிறு கரண்டி பேக்கிங் பவுடர். இரண்டு வட்டத் தட்டில் சுட்டு, நடுவிலே ராஸ்பெரி ஜாம் தடவி, மேலே சர்க்கரை தூவ வேண்டும். அவ்வளவுதான். பாலேடு வைத்தால் போட்டியில் மார்க்குப் போய் விடும். ஜாம் ராஸ்பெரி இல்லாமல் ஸ்டிராபெரியாக இருந்தாலும் நடுவர் அம்மாளின் புருவம் உயரும். நம் வீட்டு மாமியார்கள் நினைவுக்கு வருகிறார்களா?

அந்தப் பேக்கிங் பவுடர் பிறந்த கதை அழகானது. பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக் கொள்ளாது, மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டும் ஒத்துக் கொள்ளாது. மனைவிக்காக 1837-ல் முட்டை இல்லாத கஸ்டர்டு பொடியையும், 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் மாவு உப்ப ஒரு பொடியையும் கண்டு பிடித்தார். அதற்கு முன்பெல்லாம் கேக் உப்ப வேண்டுமானால் முட்டையை ஒரு மணி நேரம் கை ஓயாமல் அடித்தாக வேண்டும். எத்தனை தோள்கள் அந்தப் புண்ணியவானை வாழ்த்தியிருக்கும்!

கேக்கோடு தேநீர் வருகிறது. அதைக் குடிக்கும்போதெல்லாம் என் மனசு வேறிடத்துக்குப் போய் விடும். இலங்கை மலைகளில் 1867-லிருந்து தேயிலை பயிராகத் தொடங்கியது. அதைக் கிள்ளிச் சேர்த்த விரல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போன நம் பெண்களின் விரல்கள். தேயிலைப் பெட்டியின் மேல் மலையின் பெயர் இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்கும். அவர்கள் பெயர் இராது.

கோடையில் இன்னொன்று: அடுப்பே ஏற்றாத புட்டிங். முந்தின நாள் ரொட்டித் துண்டங்களை ஒரு கிண்ணத்தின் உட்புறம் முழுவதும் வரிசையாக ஒட்டி வைத்து, ராஸ்பெரியையும் சிவப்புக் கரண்ட் பழத்தையும் சர்க்கரையோடு ஒரு கொதி கொதிக்க விட்டு, அதில் ஊற்றி, மேலே ரொட்டியால் மூடி, ஒரு தட்டும் பாரமும் வைத்து இரவு முழுவதும் விட்டு விடுவார்கள். காலையில் கவிழ்த்தால் ரொட்டி முழுவதும் சாறு ஊறி மாணிக்கம் மாதிரி நிற்கும். பழைய ரொட்டிதான் இதற்கு நல்லது; புது ரொட்டி குழைந்து விடும். மேலத் தெரு விதவை கைதேர்ந்தவள் என்று அந்த அம்மாள் சொன்னார். அவள் வீட்டில் புது ரொட்டி வாங்குவதே அபூர்வமாம்.

செப்டம்பரில் வேலியோரம் எல்லாம் பிளாக்பெரி கறுத்துக் கிடக்கும். யாரும் போய்ப் பறிக்கலாம். காசு இல்லை, கையில் முள் கீறினால் அதுதான் விலை. செப்டம்பர் 29-ஆம் தேதிக்கு மேல் பறிக்கக் கூடாது. அதற்குப் பிறகு சைத்தான் அவற்றின் மேல் துப்பி விடுவான் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அந்தச் சமயத்துக்கு மேல் பழம் நீர்த்துப் பூஞ்சணம் பிடித்து விடும். பாட்டிமார்களுக்குக் காரணம் தெரியும். குழந்தைகளுக்குச் சைத்தானைச் சொல்வதுதான் சுலபம்!

பிளாக்பெரியோடு சேர்ந்து பைக்குள் போவது பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிள். இதன் சரித்திரத்தைக் கேளுங்கள். 1809-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஸௌத்வெல் என்ற ஊரில், மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆப்பிள் விதையை நட்டாள். மரம் வளர்ந்தது. அவள் வளர்ந்து வேறிடம் போய் விட்டாள். பிற்பாடு அந்த வீட்டை மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். 1856-ல் ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் வந்து ஒட்டுக்குக் கிளை கேட்டபோது, "தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் என் பெயரைத்தான் வைக்க வேண்டும்" என்றாராம். அப்படியே ஆயிற்று. இங்கிலாந்தில் ஆப்பிள் பை என்றாலே பிராம்லிதான். விதை போட்டவளின் பெயரைத் தேடித்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

நவம்பர் 5-ஆம் தேதி வாணவேடிக்கை. 1605-ல் பார்லிமெண்டை வெடி வைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதன் ஞாபகம். அன்றைக்கு யார்க்ஷயரில் பார்க்கின் என்ற கேக் செய்தே ஆக வேண்டும். ஓட்ஸ் நொய், கரும்புப் பாகு, சுக்குப் பொடி. ஓவனிலிருந்து அந்த வாசனை கிளம்பும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்து விடும். வெல்லமும் சுக்கும் மணக்க வெளியே பட்டாசு வெடித்தால் வேறென்ன தோன்றும்? தீபாவளி லேகியம்தான்! சில வருஷங்களில் தீபாவளியும் அந்த வாரத்திலேயே வந்து விடுகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு 'அத்தையின் பார்க்கின்' இதோ: கெட்டிக் கரும்புப் பாகு 250 கிராம், வெண்ணெய் 110, பழுப்புச் சர்க்கரை 110 இவற்றைச் சிறு தணலில் உருக்கிக் கொள்ளுங்கள், கொதிக்கக் கூடாது. ஓட்ஸ் நொய் 225, மைதா 110, சுக்குப் பொடி இரண்டு சிறு கரண்டி, சமையல் சோடா அரைக் கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு இவற்றைக் கலந்து, அதில் பாகை ஊற்றி, ஒரு முட்டையும் ஒரு பெரிய கரண்டி பாலும் சேர்த்துக் கிளறுங்கள். வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி 140 டிகிரி சூட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆறியதும் சாப்பிட்டு விடாதீர்கள்! டப்பாவில் மூடி ஒரு வாரம் வையுங்கள். அப்போதுதான் கடினம் போய் மெத்தென்று ஆகும். குழந்தைகள் கண்ணில் படாத இடத்தில் டப்பாவை வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் நடுவிலே சில பக்கங்கள் மிகவும் மெலிந்த பென்சில் எழுத்தில் இருக்கும். அவை யுத்த காலத்துப் பக்கங்கள். 1940 ஜனவரியில் வந்த ரேஷன் முழுவதுமாக நீங்கியது 1954 ஜூலையில். ஓர் ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 225 கிராம் சர்க்கரை, 57 கிராம் வெண்ணெய், முட்டை ஒன்று; அதுவும் கிடைத்தால். 1940-ல் கேக்கின் மேலே சர்க்கரைப் பூச்சுப் பூசவே தடை போட்டார்கள். கல்யாணக் கேக்குக்கு அட்டையால் வெள்ளை மூடி செய்து மேலே கவிழ்த்துப் படம் பிடித்துக் கொள்வார்களாம். மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னஞ்சிறு கேக். புட்டிங்கில் சர்க்கரைக்குப் பதிலாகத் துருவிய காரட். "என் குழந்தைப் பருவம் முழுவதும் அம்மா ஒரு வருஷம் கூடப் புட்டிங்கை விடவில்லை. என் அப்பா யுத்தத்துக்குப் போயிருந்த வருஷங்களிலும் செய்தாள். அவருடைய பங்கை ஆறு வாரம் டப்பாவில் வைத்திருப்பாள். பிறகு எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள்" என்றார் அந்த அம்மாள்.

அந்தப் புட்டிங், கிறிஸ்துமஸ் புட்டிங்தான். கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமையில் அதைக் கலக்க வேண்டும். அன்றைய தேவாலயப் பிரார்த்தனை 'கிளறி விடு' என்ற பொருள்பட ஆரம்பிக்கும். அதைக் கேட்டதும் வீட்டு அம்மாள்களுக்குப் புட்டிங் ஞாபகம் வந்து விடும். உலர்ந்த திராட்சை வகைகள், ரொட்டித் தூள், பழுப்புச் சர்க்கரை, முட்டை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், பிராந்தி. மாட்டுக் கொழுப்பும் உண்டு. முகத்தைச் சுளிக்காதீர்கள், இப்போது தாவரக் கொழுப்பே கடையில் கிடைக்கிறது, என் வீட்டில் அதுதான். 1927-ல் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் சமையற்காரர் கொடுத்த குறிப்பொன்றை அரசாங்கமே வெளியிட்டது. சாம்ராஜ்யத்துப் பொருள்களை விற்பதற்காகச் செய்த விளம்பரம் அது. திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு ஸான்ஸிபார், ரம் ஜமைக்கா. பட்டை இந்தியா அல்லது இலங்கை!

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒன்றை வேண்டிக் கொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தரம் கிளற வேண்டும். கீழ்த் திசையிலிருந்து வந்த ஞானிகளின் ஞாபகமாம். உள்ளே ஒரு வெள்ளிக் காசு போடுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். பிறகு நம் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவியில் ஏழெட்டு மணி நேரம். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி சூடாக்கி, பிராந்தி ஊற்றிக் கொளுத்தி, நீலச் சுடரோடு கொண்டு வருவார்கள். 'கிறிஸ்துமஸ் புட்டிங்' என்ற பெயரோடு இதன் குறிப்பை முதன்முதலில் அச்சிட்டவர் எலைஸா ஆக்டன் என்ற பெண்மணி, வருஷம் 1845. சமையல் குறிப்புக்குச் சாமான்களின் அளவைத் தனியே எடுத்து வரிசையாகக் கொடுக்கும் முறையை ஏற்படுத்தியவரும் அவர்தான். 1861-ல் வந்த பீட்டன் அம்மாளின் பெரிய புத்தகம் அவரிடமிருந்து பலவற்றை எடுத்துக் கொண்டது. உலகம் பீட்டன் அம்மாளை நினைவு வைத்துக் கொண்டது. அந்த இளம் பெண்ணும் பாவம், 28 வயதிலேயே 1865-ல் காலமாகி விட்டாள்.

சென்ற நவம்பரில் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கை விரல்களில் வாதம். கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளைக்குப் புட்டிங் தபாலில் போக வேண்டும். "நீ கிளறு, லவ். நான் அளவு சொல்கிறேன்" என்றார். நான் கிளறினேன். கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் தம் கையை என் கையின் மேல் வைத்துக் கொண்டார். கிழக்கிலிருந்து மேற்காக. என்ன வேண்டிக் கொண்டாரோ தெரியாது, சொன்னால் பலிக்காதாம்.

வேலை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "பிள்ளைக்கு இது வேண்டாமாம். 'எல்லாம் கடையில் கிடைக்கிறதே, அம்மா' என்கிறான். நீ பிரதி எடுத்துக் கொள்" என்றார். புரட்டினேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில், நடுங்கும் கையெழுத்தில் ஒரு தலைப்பு: 'பக்கத்து வீட்டுப் பெண்ணின் மஞ்சள் புட்டிங்'. எப்போதோ நான் செய்து கொடுத்த ரவா கேசரி! ரவை ஒரு கிண்ணம், சர்க்கரை ஒன்றரை, நெய் அரை என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். யார்க்ஷயரில் ஒரு நோட்டுப் புத்தகத்தில், அத்தைக்கும் தபாலாபீஸ் அம்மாளுக்கும் பின்னால், எனக்கும் ஓர் இடம் கிடைத்து விட்டது.

என் தாயார் செய்த அதிரசத்தின் பாகுப் பதம் எங்கேயும் எழுதப்படவில்லை. கண் அளவு, கை அளவு என்றே காலம் கழித்த தலைமுறை அது. நான் கேட்கும்போதெல்லாம், "பார்த்தால் தெரியும், போடி!" என்பாள். பார்த்துக் கொண்டிருக்கத்தான் அவள் இல்லை. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். நீங்கள் பார்க்கின் செய்தாலும் செய்யாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாளைக் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் மாமியாரோ, அத்தையோ, எதிர்வீட்டு மாமியோ சீடைக்கு மாவு வறுக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் கைப்பிடி அரிசியைத் தராசில் போட்டு, இத்தனை கிராம் என்று எழுதிக் கொள்ளுங்கள். தலைப்பிலே 'சீடை' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் பெயரையும் போடுங்கள்.